ஆசியான் சம்பந்தமும் மதுரைச் சீமையும்

உசிலம்பட்டித் தாலூகாவின் மானாவாரிப் புன்செயில் நிலக்கடலை பயிரிடும் குடியானவர் ஒருவர், தம் விளைச்சலைக் கமிஷன் மண்டியில் போட்டுவிட்டு வீடு திரும்பும் வழியில், ரேஷன் கடையில் ஒரு பொட்டலம் பாமாயில் வாங்கிக்கொண்டு போகிறார். எண்ணெய் வித்தை விற்றவர் எண்ணெயை விலைக்கு வாங்குகிறார். அந்த எண்ணெயும் நம் நாட்டுச் செக்கில் ஆடியதன்று. பெரும்பாலும் மலேசியாவிலோ இந்தோனேசியாவிலோ பிழியப்பட்டுக் கடல் கடந்து வந்தது. தினந்தோறும் நடக்கும் காரியமாகையால் இதை ஒருவரும் விந்தையென்று கருதுவதில்லை. ஆனால் இந்த எண்ணெய் வந்த வழியை ஆராயப் புகுந்தால், அது கப்பல் வழியோடு நின்றுவிடவில்லை என்பது விளங்கும். தேசங்களுக்கிடையே கையொப்பமாகும் உடன்படிக்கைகளும், அவற்றின் பின்னால் இணைக்கப்படும் அட்டவணைகளும் அந்த வழியில் இருக்கின்றன. அவ்வட்டவணைகளில் நம் மதுரைச் சீமையின் பெயர் எங்கே இருக்கிறது, எங்கே விட்டுப்போயிற்று என்பதை இன்று நேயர்களுடன் சேர்ந்து யோசிக்க விரும்புகிறோம்.

பல நாடுகள் ஒன்றுகூடி ஒரு சங்கமாக அமைகின்றன. அச்சங்கத்தில் சேராத அயல் நாடுகளோடு அது எவ்வாறு உறவு கொண்டாடுகிறது? ராஜீய சாஸ்திரம் படிப்பவர்களுக்கு மட்டும் உரிய கேள்வி இதுவென்று தள்ளிவிடக் கூடாது. நமக்குக் கிழக்கே கடலுக்கு அப்பால் அத்தகைய சங்கம் ஒன்று இருக்கிறது. ஆசியான் என்று வழங்கும் தென்கிழக்காசிய நாடுகளின் சங்கமே அது. 1967-ஆம் வருஷம் ஆகஸ்டு 8-ந் தேதி பாங்காக் நகரில் இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் அதைத் தோற்றுவித்தன. 1984-இல் புரூணையும், 1995-இல் வியத்நாமும், 1997-இல் லாவோஸும் பர்மாவும், 1999-இல் கம்போடியாவும் சேர்ந்து பத்தாயின. 2025 அக்டோபரில் கிழக்குத் திமோர் பதினோராவது அங்கத்தினராயிற்று. இந்தியா இதில் அங்கத்தினர் அன்று. ஆயினும் பர்மா சேர்ந்த நாளிலிருந்து இச்சங்கத்தின் எல்லை நம் நாட்டு எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஆகவே நாம் அடுத்த வீட்டுக்காரர்.

இத்தகைய உறவில் இருக்கும் நாட்டைக் குறிக்கப் பத்திரிகைகள் ‘பங்காளி’ என்ற சொல்லை வழங்குகின்றன. நம் கிராமவாசிகள் இதைக் கேட்டால் நகைப்பார்கள். பங்காளி என்பவன் ஒரே வம்சத்தில் பிறந்து சொத்திலே பாத்தியதை உடையவன். சங்கத்தின் அங்கத்தினர்களே ஒருவருக்கொருவர் பங்காளிகள். பங்காளிகளுக்குள் வழக்கு வருவதும் சகஜமே. வெளியிலிருந்து உறவாக வந்து சேருகிறவன் சம்பந்தி. அவனுக்கு வீட்டிலே மரியாதை உண்டு. விசேஷங்களில் முன்வரிசை உண்டு. பாகப்பிரிவினையில் பேச உரிமை கிடையாது. சம்பந்தம் செய்வதற்கு முன் இரு தரப்பிலும் பெரியவர்கள் கூடிப் பேசி, சீர்வரிசையைப் பட்டியலிட்டு, சபையறியப் படித்துக் காட்டுவது நம் வழக்கம். ஆசியான் அயலாரோடு உறவு கொள்ளும் முறையை இந்த வழக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் எளிதில் விளங்கும்.

முதற்படி, பேச்சுவார்த்தை உறவு. 1974-இல் ஆஸ்திரேலியாவோடு தொடங்கி, 1975-இல் நியூஜீலந்து, 1977-இல் ஜப்பான், அமெரிக்கா, கனடா, அன்றைய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் என்று ஒவ்வொருவராக அச்சங்கம் வீட்டு வாசலுக்கு அழைத்து உட்கார வைத்துப் பேசிற்று. எல்லாரையும் ஒரேயடியாக உள்ளே விடுவதில்லை. சிலருக்கு முதலில் வியாபாரம், சுற்றுலா போன்ற சில துறைகளில் மட்டும் பேச அனுமதி. பழக்கம் முற்றிய பிறகே எல்லாத் துறைகளிலும் பேசும் அந்தஸ்து. இந்தியாவுக்கு 1992-இல் முதல் வகையும், 1995 டிசம்பரில் பாங்காக்கில் கூடிய மாநாட்டின் தீர்மானப்படி இரண்டாம் வகையும் கிடைத்தன. நமக்குச் சற்றுப் பின்னால் துறைவாரி அந்தஸ்துப் பெற்ற பாகிஸ்தான் அந்தப் படியிலேயே நிற்கிறது.

இரண்டாவது படி, நன்னடத்தைக்கு ஜாமீன். 1976 பிப்ரவரியில் பாலித்தீவில் அந்நாடுகள் தங்களுக்குள் ஒரு நட்புறவு உடன்படிக்கை செய்துகொண்டன. பிறர் உள்விவகாரத்தில் தலையிடுவதில்லை, தகராறுகளைப் பலாத்காரமின்றித் தீர்ப்பது என்பன அதன் முக்கிய ஷரத்துக்கள். 1987-இல் அதைத் திருத்தி, அயலாரும் கையொப்பமிடலாம் என்று வாயிலைத் திறந்தன. 1989-இல் பாப்புவா நியூகினி கையொப்பமிட்டது. 2003 அக்டோபரில் இந்தியாவும் சீனாவும் கையொப்பமிட்டன. 2005-இல் கிழக்காசிய உச்சி மாநாடு தொடங்கியபோது, அதில் இடம் வேண்டுவோருக்கு மூன்று நிபந்தனைகள் விதிக்கப்பட்டன: பேச்சுவார்த்தை உறவு இருக்க வேண்டும், மேற்சொன்ன உடன்படிக்கையில் கையொப்பம் இருக்க வேண்டும், சங்கத்தோடு கணிசமான தொடர்பு இருக்க வேண்டும். சீனா, இந்தியா போன்ற பெரிய தேசங்களைத் தங்கள் கூரையின் கீழ், தங்கள் நிபந்தனையின் பேரில், சிறு நாடுகள் உட்கார வைத்த சாமர்த்தியத்தை எவரும் மெச்சாமலிருக்க முடியாது.

ஐரோப்பிய ஒன்றியம் தன் அயலாரிடம் அனுசரிக்கும் வழி வேறு. 2004-இல் வகுத்த அயல்நாட்டுக் கொள்கையில், நீதி நிர்வாகம், சந்தை விதிகள் முதலியவற்றைத் தன் சட்டங்களுக்கு இசையச் சீர்திருத்தும் அயல் நாட்டுக்குப் பண உதவியும் சந்தையில் இடமும் தருவதாக அது சொல்கிறது. அது வாத்தியார் முறை. ஆசியானுடையது சம்பந்தி முறை. எவருடைய வீட்டுச் சட்டத்தையும் அது திருத்தச் சொல்வதில்லை. இரண்டிலும் குறைகள் உண்டு. பர்மாவில் 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பறித்தபோது, அச்சங்கம் ஏப்ரல் மாதத்தில் ஐந்து அம்சத் தீர்மானம் செய்தும் பலன் காணாமல் தவித்ததை உலகம் கண்டது. தலையிடா நெறியின் விலை அது.

இந்தியா இந்த உறவைப் பெறக் காலதாமதமானதற்குக் காரணம் நம் தரப்பிலும் உண்டு. 1980-இல் ஆசியானோடு பேச்சு தொடங்கிய வேளையில், கம்போடியாவில் வியத்நாமின் ஆதரவோடு அமைந்த ஹெங் சாம்ரின் சர்க்காரை நம் சர்க்கார் அங்கீகரித்தது. ஆசியான் நாடுகள் அதை விரும்பவில்லை, பேச்சு முறிந்தது. அப்போது வெளிநாட்டு மந்திரியாக இருந்தவர் ஸ்ரீ நரசிம்ம ராவ். பதினோரு ஆண்டுகளுக்குப் பின் பிரதம மந்திரியாகி, கிழக்கு நோக்கும் கொள்கையைத் தொடங்கியவரும் அவரே. 2002-இல் தலைவர்களின் வருடாந்தர மாநாடும், 2012-இல் தந்திரோபாய உறவும், 2022-இல் விரிவான தந்திரோபாய உறவும் அந்தக் கொள்கை வழியே வந்தன.

சர்க்கார்கள் இப்படிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த காலத்துக்கெல்லாம் முன்பே, தமிழர் அக்கரையோடு உறவு பூண்டிருந்தார்கள். சுமத்ராவின் பாருஸுக்கு அருகே 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டும், சயாமின் மேல்கரையில் தக்குவாபாவில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டும் கிடைத்திருக்கின்றன. அண்மைக் காலத்தில் மதுரை, ராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து மலேயாத் தோட்டங்களுக்கும் ரங்கூன் துறைமுகத்துக்கும் போகாத கிராமம் அருமை. 1943-இல் சிங்கப்பூரில் நேதாஜி அழைத்தபோது தோட்டங்களிலிருந்து திரண்டு வந்தவர்களில் தமிழர் ஏராளம். 1960-களில் பர்மாவில் கடைகளும் தொழில்களும் தேசியமயமானபோது, பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்கள் உழைத்துச் சேர்த்ததை அங்கேயே விட்டு வெறுங்கையோடு கப்பலேறின. ஜனங்களின் உறவுக்குச் சட்டத்தின் காப்பு இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அந்தக் கப்பல்கள் சாட்சி. ஆகையால் உடன்படிக்கைகளே வேண்டாமென்று சொல்லும் கட்சியைச் சேர்ந்தவர்களல்ல நாம். உடன்படிக்கை வேண்டும். அதை எழுதும்போது யாரைக் கேட்டு எழுதுகிறோம் என்பதே நம் கேள்வி.

இங்கேதான் ஆசியானிடம் நாம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. அயலாரோடு உட்காருவதற்கு முன் அவர்கள் தங்களுக்குள் உட்காருகிறார்கள். பெரும்பான்மை வாக்கு என்பது அவர்களிடம் இல்லை. கலந்தாலோசித்து எல்லாரும் ஒப்பிய பிறகே எதுவும் தீர்மானமாகும். காரியம் மெதுவாக நடக்கிறதென்று ஏளனம் செய்வோர் உண்டு. ஆனால் ஜனத்தொகையில் பெரிய இந்தோனேசியாவின் குறையும், சின்னஞ்சிறு புரூணையின் குறையும் முன்கூட்டியே கேட்கப்பட்டுவிடுகின்றன. பிறகு ஒவ்வொரு வெளிநாட்டுக்கும் தங்களில் ஒருவரைத் தொடர்பாளராக முறைவைத்து நியமிக்கிறார்கள். நம்மோடு பேச 2021 முதல் சிங்கப்பூரும், 2024 முதல் பிலிப்பைன்ஸும் அப்பொறுப்பை ஏற்றன. பல வீடுகளின் குரல் ஒரு வாய் வழியே வருகிறது. எதிரே உட்காரும் நாமோ ஒரே தேசம். நம் தேசத்துக்குள் இருக்கும் பல வீடுகளை நாம் கேட்டுக்கொண்டா போகிறோம்?

இரண்டு அட்டவணைகளை எடுத்துக்கொண்டு இதைப் பரீட்சிப்போம். 2003 அக்டோபர் 8-ந் தேதி பாலியில் பிரதம மந்திரி ஸ்ரீ வாஜ்பாய் முன்னிலையில் வியாபாரச் சட்டக உடன்படிக்கை கையொப்பமாயிற்று. அதன் வழியே 2009 ஆகஸ்டு 13-ந் தேதி சரக்கு வியாபார உடன்படிக்கை உருவாகி, 2010 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. அதில் கச்சாப் பாமாயில், சுத்திகரித்த பாமாயில், காப்பி, தேயிலை, மிளகு ஆகிய ஐந்தும் விசேஷச் சரக்குகளாகக் குறிக்கப்பட்டன. கச்சாப் பாமாயில் மீதான வரியை நூற்றுக்கு 80-லிருந்து 37.5 ஆகவும், சுத்திகரித்த பாமாயில் வரியை 90-லிருந்து 45 ஆகவும் 2019 முடிவுக்குள் படிப்படியாகக் குறைப்பதாக ஒப்புக்கொண்டோம். மிளகு வரி 70-லிருந்து 50 ஆக இறங்கியது. ரப்பரோ குறைப்புக்கு உட்படாத விலக்குப் பட்டியலில் இடம்பெற்றது. இதற்குக் காரணம் தேடி நெடுந்தூரம் போக வேண்டாம். மேற்குமலைக்கு அப்பால் கேரளத்தில் ரப்பர், மிளகு பயிரிடுவோர் விழித்திருந்தார்கள். உடன்படிக்கைக்குப் பிறகும் 2009 அக்டோபர் 2-ந் தேதி அந்த ராஜ்யத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை கைகோத்து நின்று ஆட்சேபித்தார்கள். மலைப்பயிருக்குப் பேச ஆள் இருந்தது. சமவெளியின் நிலக்கடலைக்கும் எள்ளுக்கும், சோழவந்தான் தோப்புத் தேங்காய்க்கும் அதே பலத்தோடு குரல் எழவில்லை.

நியாயத்தின் பொருட்டு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் எண்ணெய் வித்துக்களின் வாட்டத்துக்கு இவ்வுடன்படிக்கை மட்டுமே காரணமென்றால் அது சத்தியமாகாது. உடன்படிக்கைக்கு முன்பே, 2008 ஏப்ரலில், விலைவாசி ஏறுகிறதென்று நம் சர்க்காரே கச்சா எண்ணெய் வகைகளின் இறக்குமதி வரியை அடியோடு எடுத்தது. மழை பொய்ப்பதும், கூலியாள் கிடைக்காததும், வித்துக்களின் தரமும் சேர்ந்த காரணங்கள். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2007 முதல் மானிய விலையில் கிடைத்துவரும் பாமாயில், ஏழைக் குடும்பங்களின் அடுப்பை அணையாமல் காத்திருக்கிறது. அதைப் பிடுங்கச் சொல்லும் கல்நெஞ்சம் நமக்கில்லை. ஆனால் அதே கடையில் உள்நாட்டுக் கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் விற்கப்பட வேண்டுமென்று விவசாயிகள் நெடுநாளாகக் கேட்கிறார்களே, அந்தக் கோரிக்கையும் பேச்சுவார்த்தை மேஜைக்குப் போக வேண்டாமா?

இரண்டாவது அட்டவணை ஆகாய மார்க்கத்தைப் பற்றியது. அதே 2003-ஆம் வருஷத்துப் பாலி மாநாட்டையொட்டி, ஆசியான் நாடுகளின் விமானங்கள் நம் நான்கு மாநகரங்களுக்குத் தினசரி வரலாம் என்றும், வேறு பதினெட்டு ஊர்களுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம் என்றும் இந்தியா தானாகவே சலுகை வழங்கியது. அப்பதினெட்டில் காசி உண்டு, கயை உண்டு, கஜுராஹோ உண்டு. கேரளத்தின் கொச்சி, திருவனந்தபுரம், கோழிக்கோடு மூன்றும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து திருச்சிராப்பள்ளி உண்டு. மீனாட்சியம்மன் சந்நிதி கொண்ட மதுரை இல்லை. பலன் கண்கூடு. சிங்கப்பூர், மலேசியக் கம்பெனிகளின் விமானங்கள் திருச்சியில் இறங்குகின்றன. கோலாலம்பூரில் மகனை வைத்திருக்கும் மேலூர்த் தாயார் சுமார் நூறு கிலோமீட்டருக்கு மேல் மோட்டாரில் போய் அங்கே விமானமேறுகிறார். திருச்சியின் வளர்ச்சியில் நமக்குப் பொறாமை இல்லை. அது நம் சகோதர நகரம். ஒரு பட்டியலில் ஓர் ஊரின் பெயர் இருப்பதும் இல்லாததும் இருபது ஆண்டுகளில் எவ்வளவு வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதற்கே இதை எடுத்துக்காட்டுகிறோம். விடியுமுன் பறித்த மல்லிகை மொட்டு அன்று மாலையே மலர்ந்துவிடும். மதுரை மல்லிகைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்த பூவுக்குச் சிங்கையிலும் மலேசியாவிலும் தமிழ்ப் பெண்டிரின் கூந்தல் காத்திருக்கிறது. நேர் விமானத்துக்குத்தான் தட்டுப்பாடு.

இதில் சட்டப் பிரச்னை ஒன்றும் அடங்கியிருக்கிறது. நம் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மத்திய சர்க்காரின் அதிகாரப் பட்டியலில் 14-வது இனம் அன்னிய நாடுகளுடன் உடன்படிக்கை செய்துகொள்வது. ராஜ்யங்களின் பட்டியலிலும் 14-வது இனம் இருக்கிறது, அது விவசாயம். எண் ஒன்றாய் அமைந்தது தற்செயல். ஆனால் அந்த இரண்டு பதினான்குகளுக்கும் இடையே அகப்பட்டுக்கொண்டவர்தான் நம் குடியானவர். பயிரை வளர்க்கும் பொறுப்பு சென்னையில். அந்தப் பயிரின் விலையை நிர்ணயிக்கும் உடன்படிக்கை டில்லியில். 253-வது ஷரத்தின்படி, உடன்படிக்கையை நிறைவேற்ற ராஜ்யங்களின் விஷயத்திலும் பார்லிமெண்டு சட்டம் செய்யலாம். ராஜ்யங்களைக் கேட்க வேண்டுமென்ற கட்டாயம் எங்கும் எழுதப்படவில்லை. கட்டாயமில்லை என்பதாலேயே கேட்காமலிருப்பது தர்மமாகுமா? பெண்ணைக் கேளாமல் பரிசம் போடுவது சட்டப்படி செல்லலாம், இல்லறம் செழிக்குமா?

கேட்காமல் பேசுவதன் அபாயத்தை நாம் ஒருமுறை அனுபவித்தும் விட்டோம். ஆசியான் தன் சம்பந்திகளான சீனா, ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா, நியூஜீலந்து, இந்தியா ஆகிய ஆறு நாடுகளை ஒரே வியாபாரப் பந்தலின் கீழ்க் கொண்டுவர 2012-இல் முயற்சி தொடங்கிற்று. ஏழு ஆண்டுகள் பேசிவிட்டு, 2019 நவம்பர் 4-ந் தேதி பாங்காக்கில் இந்தியா விலகிக்கொண்டது. மற்றப் பதினைந்து நாடுகளும் 2020 நவம்பரில் கையொப்பமிட்டன. விலகியது சரியென்போரும் தவறென்போரும் உண்டு. முகூர்த்த வேளையில் எழுந்து போவது எந்தச் சம்பந்திக்கும் கௌரவம் தருவதன்று என்பதை இரு சாராரும் ஒப்புவார்கள். உள்நாட்டில் பால்காரரும் நெசவாளியும் குடியானவரும் எவ்வளவு தாங்குவார்கள் என்று முதல் வருஷத்திலேயே கேட்டிருந்தால், ஏழாவது வருஷத்தில் எழுந்திருக்க நேர்ந்திராது.

ஆசியானோடு செய்த சரக்கு உடன்படிக்கையை மறுபரிசீலனை செய்ய இரு தரப்பு மந்திரிகளும் 2023-இல் இணங்கி, 2025-ஐ இலக்காக வைத்தார்கள். காரணம் வெளிப்படை. 2022-23-இல் அந்நாடுகளுக்கு நாம் அனுப்பிய சரக்கு சுமார் 4,400 கோடி டாலர். அங்கிருந்து வாங்கியது சுமார் 8,750 கோடி டாலர். கொடுப்பதைப்போல் இரு மடங்கு வாங்கிக்கொண்டிருக்கிறோம். இந்த உடன்படிக்கையோ, இனி வரும் எந்த உடன்படிக்கையோ, பேச்சுக்கு எடுக்கப்படும்போதெல்லாம் மூன்று காரியங்கள் நடக்க வேண்டுமென்பது நம் அபிப்பிராயம்.

முதலாவது, வரிக்குறைப்புக்கு உத்தேசிக்கும் சரக்குகளின் பட்டியலை மத்திய சர்க்கார் முன்கூட்டியே வெளியிட்டு, ராஜ்ய சட்டசபைகளின் கருத்தைப் பெற வேண்டும். அன்னியரோடு பேரம் பேசும்போது ரகசியம் வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். எந்த விலைக்கு இறங்குவோம் என்பது ரகசியமாக இருக்கட்டும். எந்தப் பொருளைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பதில் ரகசியம் எதற்கு? ஆசியானின் அங்கத்தினர் தங்களுக்குள் கலந்து பேசியும் பேரத்தில் தோற்றுவிடவில்லையே!

இரண்டாவது, விமானப் பட்டியலில் மதுரையைச் சேர்க்க வேண்டும். தென் ஜில்லாக்களின் ஜனங்களுக்கு இது சலுகையன்று, விடுபட்ட பாத்தியதை.

மூன்றாவது நம்மைச் சேர்ந்தது. கேட்கவில்லை என்று குறைகூறும் நாம், கேட்டால் சொல்ல என்ன வைத்திருக்கிறோம்? 1924-இல் மதுரையில் தோன்றிய தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கமும், விவசாயக் கல்லூரியும், காமராஜர் பல்கலைக்கழகமும், விவசாயிகள் சங்கங்களும் ஒன்றுகூடி, இந்த ஜில்லாவில் எந்தப் பயிர் எத்தனை ஏக்கரில் விளைகிறது, எந்த இறக்குமதியால் எவ்வளவு பாதிக்கப்படுகிறது, எந்தச் சரக்குக்கு அக்கரையில் கிராக்கி இருக்கிறது என்று கணக்கெடுத்து வைக்க வேண்டும். ஆத்திரத்தோடு அனுப்பும் நூறு தந்திகளைவிட, அந்தக் கணக்குள்ள ஒரு மகஜர் அதிகம் பேசும்.

அக்கரை நாடுகள் நமக்குப் பகையல்ல. அவை நம் மூதாதையர் பாய் விரித்துச் சென்ற துறைகள். நம் உற்றார் இன்றும் வாழும் ஊர்கள். அவற்றோடு உறவு வளர்வதை முழுமனத்தோடு வரவேற்கிறோம். ஆனால் அடுத்த சீர்வரிசைப் பட்டியலைப் படிக்கும் சபையில், பாமாயில் பொட்டலத்தோடு வீடு திரும்பும் அந்த உசிலம்பட்டிக் குடியானவருக்கும் ஓர் இடம் போடப்பட வேண்டும். கொடுப்பது அவர் வீட்டுச் சொத்து.